மூன்றாம் ஓலைக்குப் பிறகு

பசுமலை,
வியாழன்.

அன்புள்ள ஜெனி அப்பாவுக்கு,

ஆனிமேரி எழுதுவது. இங்கு நான் நலம். சென்னையில் உங்கள் நலத்தை நாளிதழில் பார்த்துக்கொள்கிறேன். நேற்றுக்கூட எங்கோ குத்துவிளக்கு ஏற்றினீர்கள். இளைத்திருக்கிறீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் போனை உதவியாளர் அழகுபாண்டிதான் எடுக்கிறார். "அண்ணே மீட்டிங்ல இருக்காரு மதினி, முடிஞ்சதும் சொல்லிப்புடுறேன்" என்கிறார். மூன்று வாரமாக அந்த மீட்டிங் முடியவில்லை. அரசாங்கம் இவ்வளவு உழைப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

விஷயம் இதுதான். ஞாயிறு பூசையில் ஜெனிக்கும் ஜூடுக்கும் மூன்றாம் திருமண ஓலையும் வாசித்துவிட்டார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் அறிவித்தபோது, கோயிலில் பாதிப்பேர் ஆண்கள் பக்கம் காலியாக இருந்த உங்கள் இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வரும் புதன் காலை பத்து மணிக்குக் கல்யாணம். இனித் தள்ளிவைக்க வழியில்லை.

நீங்கள் எம்.எல்.ஏ.வாக இருந்தபோது கூட்டத்தொடருக்காக ஒருமுறை தள்ளினோம். தோற்றபிறகு கிடைத்த வாரியத் தலைவர் பதவி ஏற்புக்காக இன்னொருமுறை. தல்லாகுளம் கோர்ட்டில் வக்கீலாக நின்ற காலத்திலிருந்தே வாய்தா வாங்குவதில் உங்களுக்கு இணை கிடையாது. எதிர்த்தரப்பு களைத்துப்போய்ச் சமாதானத்துக்கு வந்துவிடும். நானும் அப்படித்தான் வந்தேன். ஜெனி வருவதாக இல்லை. "அப்பா வராட்டி ஜெய்சன் மாமா கையப் பிடிச்சு நடந்துக்கிறேன். மாமாவுக்கு வாய்தா கேக்கத் தெரியாது" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு நெடுநேரம் குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டிருந்தாள்.

காளவாசலில் கட்சிக்காரர்கள் பேனர் கட்டியிருக்கிறார்கள். "மணமக்களை வாழ்த்த வருகை தரும் வாரியத் தலைவரே, வருக!" உங்கள் படம் இரண்டு ஆள் உயரம். மணமக்கள் தபால்தலை அளவில் உங்கள் செருப்பருகே. கட்டிய பால்பாண்டியிடம், பெண்ணின் அப்பா என்று ஒரு வரி போடக்கூடாதா என்று கேட்டேன். "அட, ஆமால்ல மதினி! எல்லாக் கல்யாணத்துக்கும் அடிக்கிற அதே மேட்டரு. பேரை மட்டும் மாத்துனோம்" என்றார். அவர்மீது குற்றமில்லை. ஐந்து வருடத்தில் தொகுதியில் நீங்கள் தாலி எடுத்துக்கொடுக்காத கல்யாணம் எது?

காலையில் மனுக்காரர்கள் இன்னும் வருகிறார்கள். உங்களுக்குப் பதவி மாறியதைச் சொன்னால் நம்புவதில்லை. டீ கொடுத்து, பட்டா, பென்ஷன் எல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் போனதும் நாற்காலிகளை அடுக்கி வைக்கிறேன். அதன்பிறகு மறுநாள் காலைவரை இங்கே பேச ஆள் கிடையாது. இந்த வாரம் ஜெனி வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள்; ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்குக் கத்துகிறாள். கேட்க நன்றாக இருக்கிறது. கல்யாணம் முடிந்த வாரமே இருவரும் மஸ்கட் போகிறார்கள்.

புதன் பதினொன்றரைக்கு மேலூரில் உங்களுக்கு ஒரு திறப்பு விழா இருப்பதாக அழகுபாண்டி சொன்னார். அந்தக் கட்டடத்தை வேறு யாராவது திறக்கட்டும். பீடம்வரை அவள் கையைப் பிடித்து நடந்து வாருங்கள். யாராவது மைக்கைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மாலையில் அவர்கள் ஜூடு வீட்டுக்குக் கிளம்பியதும் காரை அனுப்பிவிடுங்கள். இரவுக்கு இரண்டு பேருக்கு உலை வைப்பேன்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள்
ஆனிமேரி