உங்கள் பெயர் ஒட்டிய கண்ணாடி

சார்,

கல் சீவலைக் கண்ணாடியில் ஒட்டுகிற பிசின் சூடேறும் வாசனை வந்தாலே எனக்கு உங்கள் நினைவுதான் வரும். இன்று காலை பக்கத்து மேசையில் யாரோ உருக்கினார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் லேபுக்குள் திரும்ப வந்து நின்றுவிட்டீர்கள்.

களமருதூர் மரம் நினைவிருக்கிறதா? இருக்காது. உங்களுக்கு அது வெறும் கல். கிணறு வெட்டியபோது கிடைத்த, கல்லாகிப்போன மரத்துண்டு. ஒரு வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

"இன்னா மரம்னு தெரிஞ்சா வந்து சொல்றியாம்மா?"

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வெட்டிப் பார்த்தால் உள்ளே பெரும்பகுதி உதிர்ந்த பொடி. நடுவில் விரலளவு மட்டும் மரத்தின் நார் கெடாமல் இருந்தது. என்ன மரம் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதை டப்பாவில் வைத்து, யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கல்வராயன் மலைக்குப் போனேன். அனுப்பியதும் நீங்கள்தான். உங்கள் ஆராய்ச்சிக்குப் பாறை வேண்டும். அதுவும் உலகத்தில் மரமே தோன்றாத காலத்துப் பாறை.

சாக்கு நிறையக் கல்லோடு வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி வந்தேன். டப்பா காலி. மாநாட்டில் காட்டப் படம் வேண்டுமென்று நீங்களே சீவி ஒட்டித் தேய்த்திருந்தீர்கள். தேய்க்கத் தெரிந்தவர்கள் நாலு இழுப்புக்கு ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் போன் பேசிக்கொண்டே தேய்த்தீர்களாம், அட்டெண்டர் சொன்னார். ஒளி புகும் அளவுக்கு மெலிய வேண்டிய சீவல் முழுக்கத் தேய்ந்து சிங்க்கில் போய்விட்டது. அதோடு விட்டீர்களா? மிச்சத்தையும் சீவி, அதையும் தேய்த்துத் தீர்த்திருந்தீர்கள்.

"யாரோ செத்துட்ட மாரி இன்னாம்மா நிக்கிற? கல்லு தான. போய் இன்னொன்னு எடுத்துக்கினு வா" என்றீர்கள்.

போனேன் சார். கிணற்று மண்ணையெல்லாம் அதற்குள் ரோடு போட அள்ளிவிட்டார்கள். அந்த அம்மாவின் தெருப்பக்கம் மட்டும் என்னால் போக முடியவில்லை. கதவுக்கு முட்டாகவே கிடந்திருந்தால் அது இன்றைக்கும் இருந்திருக்கும்.

இரங்கல் கூட்டத்தில் உங்கள் பொறுமையைப் புகழ்ந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து டீ குடித்தேன். உங்கள் நினைவாகத் துறையில் ஓர் அலமாரி வைக்கிறார்களாம், நீங்கள் கைப்படச் செய்தது ஏதாவது இருந்தால் கொடுக்கச் சொன்னார்கள்.

இருக்கிறது. தேய்த்து முடித்தவர் பெயரைக் கண்ணாடியில் ஒட்டுவது நம் லேப் வழக்கம். நீங்கள் தேய்ப்பதற்கு முன்பே ஒட்டிவிட்டீர்கள். ஒரு ஓரத்தில் களமருதூர், மரம், உங்கள் பெயர். மீதி இடத்தில் ஒன்றுமில்லை. இத்தனை வருஷமும் அதை என் மேசைக்குள் வைத்திருக்கிறேன்.

அலமாரிக்குக் கொடுக்க மாட்டேன். பெயரை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாளைக்கு அதை எடுத்துக்கொண்டு களமருதூர் போகிறேன். அந்த அம்மா இருந்தால், என்ன மரம் என்று கேட்பார். தெரியாது என்பேன். ஏன் என்று கேட்டால், உங்கள் பெயரைப் படித்துக் காட்டுவேன்.