விரல் எண்ணிப் பார்க்கிறவர்

மந்தாரக்குப்பம்
5.5.2025

அன்புள்ள மலருக்கு,

இங்கே நான் நலம். நீயும் அபியும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனை எடுப்பதில்லை என்று நீ சபதம் போட்டுவிட்டதால் ஜெயப்பிரகாஷ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கம்மாபுரத்திலிருந்து தினமும் என்னோடு ஷிப்டுக்கு வருகிறவன். படிக்காமல் கொடுப்பான் என்று நம்புகிறேன்.

பள்ளி விடுமுறைக்காக நீ அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு போனது யாருக்கும் தெரியாது.

போனில் வீடியோ பார்த்து நான் செய்கிற கனவுப் பயிற்சியை நீ கேலி செய்தாயே, அதில் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டேன். முதல் நிலை, கனவு காணும்போதே இது கனவு என்று தெரிவது. இரண்டாவதில் உடம்பு கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும், காதில் ஒரு ரீங்காரம் கேட்கும். மூன்றாவதில் உடம்பை விட்டு வெளியே வந்து, பாயில் கிடக்கிற நம்மை நாமே பார்க்கலாம். முதல் நிலையைப் பிடிப்பதுதான் கஷ்டம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் கனவெல்லாம் சுரங்கத்தில் கரி போகிற பெல்ட்தானே. பெல்ட் ஓரமாக நீளத்துக்கு ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். ஆபத்தென்றால் அதை இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும். கனவில் இழுத்தால் நிற்காது. உடனே தெரிந்துவிடும்.

முந்தாநாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்து காலையில் படுத்தேன். உடம்பை விட்டு வெளியே வந்தேன். நேராகக் கம்மாபுரம். நீ பச்சைப் புடவை கட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். கூப்பிட்டேன், உனக்குக் கேட்கவில்லை. அழாதே. வேளைக்குச் சாப்பிடு. அபியை வெயிலில் விடாதே.

இன்னொரு சேதி. இந்த முறை பர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் வரும் என்கிறார்கள். பன்னிரண்டு வருஷக் கான்ட்ராக்ட் முடிந்து நெய்வேலி நகரியத்தில் ஒரு குவார்ட்டர்ஸ். அபி பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகலாம்.

அன்புடன்,
செல்வகுமார்


கம்மாபுரம்
8.5.2025

அன்புள்ள அபி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. ஜெயப்பிரகாஷ் படித்துவிட்டுத்தான் கொடுத்தார், அவர் முகத்திலேயே தெரிந்தது.

பச்சைப் புடவை நம் வீட்டு பீரோவில் இருக்கிறது, திறந்து பாருங்கள். நீங்கள் வந்து பார்த்ததாகச் சொல்லும் காலையில் நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். அழவில்லை, கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வந்தால் முக்கால் மணி நேரம். ஒரு நாள் அப்படி வந்திருந்தால் என்னை நன்றாகவே பார்த்திருக்கலாம்.

"தூங்குற மனுசங்கிட்ட என்னாடி கோவம், குடிச்சிகினா வந்தாரு?" என்று அம்மா கேட்கிறாள். அவளுக்கு என்னவென்று சொல்வது? அன்றைக்கு அபிக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு உங்கள் முன்னால் நின்றேன். நீங்கள் உங்கள் கைவிரல்களை எண்ணினீர்கள். ஐந்து இருந்தால் நிஜம், ஆறு இருந்தால் கனவு என்றீர்கள். பத்து வருஷம் குடும்பம் நடத்தினவளை விரல் எண்ணி முடிவு செய்கிற ஆளோடு எப்படி இருப்பது? எனக்கு அழுகைகூட வரவில்லை. பயம்தான் வந்தது.

இப்போது அதைவிடப் பெரிய பயம். "அண்ணன் ரெண்டு தடவ சும்மாவே கயித்த இழுத்துட்டாருங்க. பெல்ட் நின்னதும் திருதிருன்னு முழிச்சிகினு நிக்கிறாரு" என்று ஜெயப்பிரகாஷ் சொல்கிறார். ஓடுகிற பெல்ட் பக்கத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு இங்கே வாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மலர்கொடி


மந்தாரக்குப்பம்
14.5.2025

அன்புள்ள மலருக்கு,

பீரோவைத் திறந்தேன். புடவை இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தடவை கயிற்றில் கை வைத்தால் கேட் பாஸ் போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இழுப்பதை நிறுத்திவிட்டேன். பயிற்சியையும் நிறுத்திவிட்டேன். ஆனால் நான் விட்டாலும் அது என்னை விடவில்லை.

நேற்று பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளிக்கொண்டிருந்தேன். பெல்ட் ஓடுகிறது, சத்தமே கேட்கவில்லை. அதனால் கனவு என்று நினைத்துவிட்டேன். கனவில் எத்தனையோ தடவை ஓடுகிற பெல்ட்டில் ஏறி உட்கார்ந்து போயிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன். அந்த நேரம் கையிலிருந்த மண்வெட்டி உருளையில் மாட்டி, என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. உள்ளங்கைத் தோல் உரிந்த பிறகுதான் விழித்தேன். விழித்தேன் என்று எப்படிச் சொல்வது, நான் தூங்கவே இல்லையே. இது எத்தனையாவது நிலை என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. மலர், எனக்குப் பயமாக இருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. லீவும் போட முடியாது. லிஸ்ட் போடுகிற நேரத்தில் மெடிக்கல், அது இது என்று போனால் பன்னிரண்டு வருஷமும் வீண். நாளைக்கு எனக்கு ஓய்வு. பதினாறாம் தேதியிலிருந்து காலையில் போகிற முதல் ஷிப்ட். இரண்டு வாரம் தள்ளிவிட்டால் போதும். நீயும் வாயைத் திறக்காதே. அபிமேல் ஆணை.

உன்
செல்வகுமார்


நெய்வேலி பஸ் ஸ்டாண்ட்
15.5.2025

அபி அப்பாவுக்கு,

மூன்று தடவை படித்தேன். அபிமேல் ஆணை என்று எழுதியிருக்கிறீர்கள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே யோசித்தேன். நுங்கு தின்றுகொண்டிருந்தாள். பிறகு அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஜெயப்பிரகாஷோடு இங்கே வந்தேன்.

உங்கள் சூப்பர்வைசரைப் பார்த்து, நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டுக் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். "இத நான் வாங்கிக்கினா அவரு பேரு லிஸ்ட்ல இருக்காதும்மா. நல்லா யோசிச்சிகினு குடுங்க" என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். வெளியே வந்ததும் ஜெயப்பிரகாஷ் அழுதுவிட்டார்.

வீட்டுக்கு வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. இதை ஜெயப்பிரகாஷிடமே கொடுத்தனுப்புகிறேன். பன்னிரண்டு வருஷத்தை ஒரு மத்தியானத்தில் நான் அழித்துவிட்டேன். ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைமேல் போட்ட ஆணையையும் மீறிவிட்டேன். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

நாளைக் காலையில் கேட்டில் உங்களை நிறுத்திவிடுவார்கள். அது கனவில்லை, நான் செய்தது. எதிரே இருக்கிற டீக்கடையில் அபியையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு நிற்பேன். சேர்ந்து வீட்டுக்குப் போவதா, நான் மறுபடியும் கம்மாபுரம் பஸ்ஸில் ஏறுவதா என்று அங்கே வந்து சொல்லுங்கள்.

மலர்கொடி