எழுத்தை மூடிவிட்டுக் கேட்ட பாட்டு

மச்சான்,

ஆம்ப்ளிஃபயர் சூடேறும்போது வருமே ஒரு வாசனை, தூசியும் பழைய வார்னிஷும் கலந்து, அது நேற்று மத்தியானம் எங்கள் கூடம் முழுக்கப் பரவியது. சிதம்பரத்தில் உங்கள் மைக்செட் கடையைக் காலி செய்கிறார்கள் என்று போன உங்கள் தங்கை, வேறு எதையும் கேட்காமல் இதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் வரை பஸ்ஸில் வந்திருக்கிறாள். மேஜையில் இறக்கினாள், ஒயரைச் சொருகினாள். "இன்னிக்கு ஞாயித்துக்கெழம. எடுங்க அந்த டிஸ்க்க" என்றாள்.

நீங்கள் போன நாளிலிருந்து, ஏழு மாதமாக, நான் தொடாத டிஸ்க். தொட்டேன், போட்டேன், முழுசாகப் பார்த்தேன்! அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சந்தோஷத்தில் கையெழுத்துக் கோணல்மாணலாக ஓடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நீங்கள் ஆரம்பித்து வைத்த பைத்தியம். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஆம்ப்ளிஃபயர் தேடப்போன மனுஷன், ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிவிடியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். "மாப்ள, நீங்க இங்கிலீஷ் வாத்தியாருதான? இது என்னா ஏதுன்னு பாத்துச் சொல்லுங்க." உறையைப் படித்தேன். பரோக் ஓப்பரா. ஐரோப்பாவில் முந்நூறு வருஷத்துக்கு முன் மேடையேறிய பாட்டு நாடகங்கள், இந்தக் காலத்தில் திரும்ப நடத்திப் பதிவு செய்தவை. எனக்கும் அதற்குமேல் ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? ஒரு பெண் பாடி முடித்தாள், நடுவில் வேறு மாதிரி கொஞ்சம் பாடினாள், பிறகு பழையபடி முதலிலிருந்து அதே பாட்டு. "டிஸ்க் மாட்டிக்கிச்சி" என்று எழுந்தீர்கள். வெளியே எடுத்து, வாயால் ஊதி, பனியன் ஓரத்தால் துடைத்து மறுபடியும் போட்டீர்கள். மறுபடியும் அதே! திரும்பவும் துடைத்தீர்கள். மூன்றாவது தடவை துடைக்க எழுந்தவர் பாதியில் அப்படியே நின்றீர்கள். "மாப்ள! அதே இல்ல மாப்ள! இப்ப சங்கதி போடுது பாருங்க! மொதல்ல வெறுமனே பாடிக் காட்டிட்டு, இப்ப வந்து வெளையாடுது!" அடடா, அந்த முகம்! அந்த இசையின் முறையே அதுதான் என்பதைப் புத்தகம் படித்து நான் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு மாதம் ஆனது. நீங்கள் பனியன் துணியோடு நின்றபடியே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

உங்கள் தங்கை மட்டும் சும்மா இருப்பாளா? போர்க்களத்துக்குக் கிளம்பும் ராஜா தலையில் இறகு வைத்துக்கொண்டு பெண் குரல் மாதிரி மெல்லிய குரலில் பாட, "யான மாதிரி ஆளு, பூன மாதிரி கொரலு!" என்று அடுக்களையிலிருந்து சிரித்தாள். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "புவனகிரி பக்கம் எத்தினி கூத்துக்கு மைக் கட்டியிருக்கேன். அங்க ஆம்பளதான பாஞ்சாலி? அத மட்டும் ஒக்காந்து பாக்குற. இவருக்குப் புஜக்கட்ட ஒண்ணுதான் கொறச்சல், போ!"

வாரம் ஓர் அங்கம். சிதம்பரத்தில் கல்யாணச் சீசன் என்றால் மட்டும் நீங்கள் வரமாட்டீர்கள். வந்தால் முதல் பத்து நிமிஷம் கதையையே பார்க்கமாட்டீர்கள், திரையில் மைக்கைத் தேடுவீர்கள். "எங்கதான் ஒளிச்சி வெச்சிருப்பான்? ஒண்ணு கூட கண்ல படல. ஆனா மேடப் பலக கிறீச்சுங்குறது கூட கேக்குது. கெட்டிக்காரன்யா!" பாடகியைப் புகழ்வதற்கு முன்னால் பதிவு செய்தவனைப் புகழ்ந்தவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். நீண்ட கழுத்தோடு ஒரு நரம்பு வாத்தியம் வருமே, அதற்குத் தம்புராவின் பெரியண்ணன் என்று பெயர் வைத்தீர்கள். எனக்கு அதன் சரியான பெயர் இப்போது தெரியும். ஆனாலும் பெரியண்ணன்தான்.

அப்புறம் அந்த அட்டை. திரைக்குக் கீழே இங்கிலீஷில் ஓடும் வரிகளை நான் உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வாரமே தடுத்துவிட்டீர்கள். "பேசாதீங்க மாப்ள. படிச்சா காது தூங்கிடும்." அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, அந்த வரிகள் மறையும்படி டிவியின் கீழ்ப்பக்கம் ஒட்டினீர்கள். பாட்டு முடிந்ததும் பாடியவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும், நான் ஒன்று சொல்ல வேண்டும். பிறகு அட்டையை எடுத்துவிட்டு அதே இடத்தைத் திரும்பப் போட்டு யார் சரி என்று பார்ப்போம். பெரும்பாலும் நீங்கள்தான். படித்தவனுக்கு அது எப்படி எரியும் என்று நினைத்துப் பாருங்கள்!

அந்த எரிச்சல்தான் கடைசி ஞாயிற்றுக்கிழமை வாயில் வந்துவிட்டது.

தீவில் வாழும் மந்திரக்காரி. அவள் காதலித்த படைவீரன் கப்பலேறிப் போகிறான். கரையில் நின்று பாடுகிறாள். முதல் பகுதி முடிந்ததும் கரண்ட் போனது. அட்டையை எடுக்க வழியில்லை. "சாபம் வுடுறா" என்றேன் நான். "இல்ல மாப்ள, பத்திரமா போய்ச் சேருங்குறா. அந்தக் கீழ்ப் பிடிலு தொட்டில் ஆட்டுற மாதிரி போவுது, கேக்கலியா?" என்றீர்கள் நீங்கள். ஃபேன் வேறு நின்று வேர்த்துக் கொட்டுகிறது. விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. அப்போதுதான் சொன்னேன்: "மைக்செட் கட்றவருக்கு இதுல என்னா தெரியும் மச்சான்?"

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு, "கரண்டு வந்தா அட்டைய எடுத்துடாதீங்க மாப்ள. நான் வந்தப்புறம் எடுப்போம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தீர்கள். அந்த வியாழக்கிழமை மாரடைப்பு. மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட மிஞ்சவில்லை.

நீங்கள் கடைசியாகச் சொன்னதை இந்த ஏழு மாதமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்னை நம்பவில்லை, நான் ஏமாற்றிவிடுவேன் என்று நினைத்து அப்படிச் சொன்னீர்கள் என்றே எடுத்துக்கொண்டேன். மனசு விட்டுப்போய்த்தான் கிளம்பினீர்கள் என்று எனக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

நேற்று உங்கள் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பூனைக்குரல் என்று சிரித்தவள்தான்! அட்டை ஒட்டியபடியே இருந்தது. விட்ட இடத்திலிருந்து போட்டேன். நடுப்பகுதி வந்தது, முடிந்தது. பிறகு முதல் பகுதி திரும்பி வந்தது, சங்கதிகளோடு. மச்சான், அதைக் கேட்காமல் போய்விட்டீர்களே! பிடில்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, பெரியண்ணன் மட்டும் கூட நிற்க, அவள் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து இழுக்கிறாள். பெரிதாகிறது, பெரிதாகிறது, பிறகு நூலாகி இற்றுப்போகிறது. எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. உங்கள் தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அட்டையைப் பிய்த்தேன். திரும்பப் போட்டேன். 'உன் கப்பல் மூழ்கட்டும். உன் பெயரை ஒருவரும் சொல்லாமல் போகட்டும்.' சாபம்! நான் சொன்ன அதே சாபம்! ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடி குதித்தேன் கூட. உங்கள் தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எழுதியிருக்குறது கெடக்கட்டும். அவ கொரல கேட்டீங்களா? போவாத போவாதன்னு கெஞ்சுறா. போனாலும் நல்லா இருன்னுதான சொல்றா?"

மறுபடி போட்டேன். மறுபடியும். அந்த 'மூழ்கட்டும்' என்ற சொல்லில்தான் மச்சான், அந்த நீண்ட ஸ்வரம் வருகிறது. கோபமே இல்லை அதில். தொட்டில்தான் ஆடுகிறது. எழுத்து என் பக்கம், பாட்டு உங்கள் பக்கம். தோற்றதில் இத்தனை சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. டிவி முன்னால் நின்று கை தட்டினேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்!

அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் உங்கள் குரல் காதில் வந்தது. வாசலில் நின்று நீங்கள் சொன்னதை இத்தனை நாளும் எழுத்தாகத்தான் படித்திருக்கிறேன், கேட்கவே இல்லை. நேற்று கேட்டேன். அதில் வருத்தம் இல்லை, சந்தேகமும் இல்லை. பாதியில் நின்ற பாட்டை விட்டுவிட்டுப் போக மனசில்லாத ஆளின் அவசரம்தான் இருந்தது. அன்று எரிச்சலில் நான் சொன்னதைக்கூட நீங்கள் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள், சொல்லைத் தள்ளிவிட்டுக் குரலை மட்டும்.

நீங்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை, மச்சான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள்.