பழைய ரேட்டில் வாங்கிய சரக்கு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்த வருஷம் உனக்குச் சொன்ன பொய் போதும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

அம்மாவின் இரண்டு முட்டியையும் மாற்ற நீ டாலராக அனுப்பிய பணம் தை மாதமே வந்துவிட்டது. அன்றைக்கே நம் பணமாக மாற்றி ஆஸ்பத்திரியில் கட்டியிருந்தால் இரண்டு காலுக்கும் போக மீதியும் இருந்திருக்கும். நான் மாற்றவில்லை. பால் விலை, பஸ் டிக்கெட், சோப்பு எல்லாம் மாதா மாதம் ஏறிக்கொண்டிருந்தது, நம் பணம் இறங்கிக்கொண்டே போக டாலர் ஏறியது. முப்பத்தொரு வருஷம் வெளிநாட்டு பேரிங் விற்கும் கடையில் விலை லேபிள் ஒட்டிய புத்தி எங்கே போகும்? டாலர் ஏறுகிறது என்றால் முதலாளி பெட்டிகளை உள்ளே தள்ளச் சொல்வார், வருகிறவர்களிடம் ஸ்டாக் இல்லை என்போம், பத்து நாள் கழித்து அதே பெட்டி புது விலையில் வெளியே வரும். அதையே உன் பணத்துக்கும் செய்தேன். இன்னும் கொஞ்சம் ஏறட்டும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று எட்டு மாதம். சர்க்கரை குறைந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதாக உன்னிடம் சொன்னேன். அம்மாவிடம் சொன்னதுதான் பெரிய பாவம். நீ இன்னும் பணம் அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் ஆயிரம் செலவு இருக்கும், நச்சரிக்காதீங்க என்றாள். உன்னிடம் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

ஆவணியில் டாலர் சடசடவென்று இறங்கித் தை மாத விலைக்கும் கீழே போனது. பதறிப்போய் பேங்குக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். விலைவாசியை அடக்க வட்டியை ஏத்திட்டாங்க சார், இங்க வட்டி அதிகம்னு வெளிநாட்டுக்காரங்க பணம் போட வர்றாங்க, அதுக்கு நம்ம பணத்தைத்தானே வாங்கணும், அதான் நம்மது ஏறி டாலர் இறங்குது என்றாள். திரும்ப ஏறுமா என்று கேட்டேன், அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க உட்கார்ந்திருக்கேன் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே விலை கால் பங்கு கூடியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற முட்டியாம். இப்போதுதான் டாலர் இறங்கிவிட்டதே, விலையைக் குறைக்க வேண்டாமா என்று கேட்டேன். கணக்குப் பிரிவுக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல், இது பழைய ரேட்ல வாங்கின சரக்கு சார் என்றார். எத்தனை மெக்கானிக்குகளிடம் இதே வார்த்தையை இதே மாதிரி நிமிராமல் சொல்லியிருப்பேன். வெளியே வந்தேன்.

இருக்கிற பணம் ஒரு காலுக்குத்தான் வரும். அன்று சாயங்காலமே அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. அப்போ அவ தை மாசமே அனுப்பிட்டாளா என்று மட்டும் கேட்டாள். எந்தக் கால் முதலில் என்று டாக்டர் கேட்டபோது, இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்குது, மாடிப்படி இறங்க எது முக்கியமோ அதைப் பண்ணுங்க, பொண்ணு வரும்போது நான் கீழ போய் வாசல்ல நிக்கணும் என்றாள். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன்.

மீதிக்காக நீ ஓவர்டைம் பார்க்காதே. முதலாளி மகனிடம் பேசிக் காலை வேளை மட்டும் கடைக்குப் போகிறேன், அடுத்த கால் என் பொறுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். என்னை எப்போது மன்னிக்கத் தோன்றுகிறதோ அப்போது மன்னித்தால் போதும், ஆனால் அம்மாவோடு இன்றைக்கே பேசு. வெளியே சொல்லாவிட்டாலும் மனசுக்குள் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று அழுதுகொண்டிருக்கிறாள். இன்னொன்று, மறந்துவிடாதே. இனி எது அனுப்பினாலும் அம்மா பெயருக்கே அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா