போனைப் படுக்கைவாட்டில் திருப்பிய கணம்

சார்,

இன்று சித்தூர் பூக்கொட்டகையில் மல்லி வாங்கினேன். கடைசி மூலையில், சாக்கடை ஓரம், சரசாவின் கடை. மல்லியோடு சாக்கடையும் சேர்ந்து மணந்தது. உடனே உங்களைத் திட்டத் தோன்றியது. இறந்தவரைத் திட்டுவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமே, அதனால் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உங்களுக்கு ஆப் எழுதத் தெரியாது.
2. தெரியாததை ஊர் கூட்டிக் காட்டும் ஆசை மட்டும் இருந்தது.
3. நான் எச்சரித்தும் நீங்கள் கேட்கவில்லை.

முதலாவது. இருபது பூக்காரிகள், இருபது கடைகள். யாருக்கு எந்தக் கடை என்று குலுக்க ஆப் எழுதித் தருவதாக நீங்களே முன்வந்தீர்கள். என்னோடு ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியருக்கு ஆறு வாரம் வீடியோ பார்த்தது போதுமாம்! பட்டியலை ஒருமுறை கலைத்து, சேமித்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் எந்தப் பெயரும் இரண்டாம் முறை வராது. நீங்களோ ஒரு பெயரைப் பொறுக்கி, அதை நீக்கி, மிச்சத்தில் மறுபடி பொறுக்கினீர்கள். அதுகூடப் பரவாயில்லை. அந்த மிச்சத்தை எங்கும் சேமிக்கவில்லை. போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் திரை புதிதாகத் திறக்கும். இருபது பேரும் பட்டியலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இரண்டாவது. குலுக்கலில் முதல் பெயர் சரசா. வாசல் கடை. சந்தோஷத்தில் அவள் அழுதேவிட்டாள். ஏழு பெயர்வரை ஒழுங்காகப் போனது. பிறகு எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று போனைப் படுக்கைவாட்டில் திருப்பித் தலைக்கு மேலே தூக்கினீர்கள். மூன்றாம் கடை வாங்கியிருந்த குப்பம்மாவுக்கே எட்டாம் கடையும் விழுந்தது.

"இன்னா சார், உன் போனுக்கு இவ ஒருத்தியதான் தெரியுமா?" என்றாள் ஒருத்தி.

"ரேண்டம்னா அப்படித்தாம்மா வரும்" என்றீர்கள். எவ்வளவு பெரிய மடத்தனம்!

"குப்பம்மா இன்னா குட்த்தா உனுக்கு? சாலு சார், சாலு! போதும், சீட்டு எழுதிப் போடு."

துண்டுச் சீட்டில் சரசாவுக்கு மூலைக் கடை வந்தது. உங்களுக்குத் திருடன் என்ற பெயர். திருப்பதிக்குத் திரும்பும் பேருந்தில், "எங்க சார் தப்பு?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். அதன்பின் லேப்டாப்பைத் திறக்கவில்லை. அடுத்த நான்காம் மாதம் போய்விட்டீர்கள்.

மூன்றாவது. குலுக்கலுக்கு முந்தின நாள் மதியம், உங்கள் போனை வாங்கி நாற்பது தடவை சோதித்தேன். திருப்பினால் வந்த பெயரே மறுபடி வருவதைப் பார்த்து, காகிதத்தில் குறித்தும் வைத்தேன். "எப்படி சார்?" என்றீர்கள். என் விரல்தான் தவறாகப் பட்டிருக்கும், எழுதியவருக்குத் தெரியாதா என்று நினைத்து, "பிரமாதம்" என்றேன். பேருந்தில் நீங்கள் கேட்டபோதும் அந்தக் காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

மூன்றாவது தவறு, சார். நான் எச்சரிக்கவே இல்லை.