உங்கள் ஹேண்டில்பாரை உயர்த்தியவள் நான்தான்

என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு சொல்லால்தான் உங்களைக் கூப்பிட்டேன். பெயர் சொல்ல நாக்கு வந்ததில்லை, இப்போதும் வரவில்லை. முதல் வருடத் திதிக்குப் பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு நாலு வரி அஞ்சலி கொடுக்கலாம் என்றான் என் தம்பி முருகேசன். படம் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊரே படித்தாலும் படிக்கட்டும், நீங்கள் படித்தால் போதும் எனக்கு.

நாங்கள் இன்னும் அதே மைன்ஸ் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறோம். ஷிப்ட் சங்கு ஊதினால் கை தானாக டிபன் பாக்ஸைத் தேடுகிறது. கொடியில் துணி போட்டால் கரித்தூள் படிவதும் நிற்கவில்லை. உங்கள் சைக்கிள் ஹாலில் சுவரோரமாக நிற்கிறது. எதிர்வீட்டு அக்கா வரும்போதெல்லாம் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார். "போனவரு கடைசியா தொட்ட பொருளை வூட்டுக்குள்ள வச்சிகினு இருக்காதம்மா. யாருக்காச்சும் குடுத்துடு." உங்க வேலையைப் பாருங்கக்கா என்று வாய் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை.

உங்களைக் குள்ளஞ்சாவடி ரோட்டில், புளியமரத்தடியில், பனிக்குள் உட்கார்ந்த வாக்கில் கண்டுபிடித்தார்கள். நெஞ்சு நின்றுபோய் வெகு நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். சைக்கிளை மரத்தில் பதமாகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதில் ஒரு கீறல் இல்லை. அது எப்படிங்க? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற மனிதன் சைக்கிளை அவ்வளவு பத்திரமாக யாருக்காக வைக்கிறான்?

உங்கள் மகள் யாழினி அதை எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கிளம்பிவிடுகிறாள். வேறெங்கே? அந்த மரத்தடிக்குத்தான்.

நீங்களோ நெட்டை ஆள். அது போதாதென்று ரேஸ்காரன் மாதிரி குனியணும் என்று ஆசை வேறு. ஹேண்டில்பாருக்கு அடியில் இருந்த ரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே மாட்டி, மாட்டி, அதை இறக்கிக்கொண்டே போனீர்கள். ஒவ்வொரு தடவையும் முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்க நான் வேண்டும். "நேரா இருக்கா பாரு, நேரா இருக்கா பாரு" என்று உயிரை வாங்குவீர்கள். அடுப்பில் குழம்பு தீய்ந்த நாளெல்லாம் உண்டு.

யாழினி என் உயரம். சீட்டை மட்டும் இறக்க விட்டாள். ஹேண்டில்பாரைத் தொடவே கூடாது என்றாள். "அது அப்பா வச்சதும்மா. அப்படியே இருக்கட்டும்." நானும் மண்டையை ஆட்டினேன். உங்கள் கண்ணாடி, செருப்பு எதையும் நாங்கள் நகர்த்தவில்லை, அந்தக் கூறுகெட்ட பாசத்தில் இதையும் சேர்த்துவிட்டோம். கண்ணாடியும் செருப்பும் வைத்த இடத்தில் கிடக்கும். சைக்கிள் ரோட்டுக்குப் போகிற பொருள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தாள். சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்றாள். தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டேன், "ஏன்டி இப்படி உடம்பைக் கெடுத்துக்குற?"

"இப்படி எட்டிக் குனிஞ்சாத்தாம்மா அப்பா தெரியுறாரு. எனக்கு முன்னாடி போறாரு. நான் மிதிச்சா அவரும் மிதிக்கிறாரு."

தைலக் கை அப்படியே நின்றுவிட்டதுங்க.

அடுத்த ஞாயிறு அவளுக்குத் தெரியாமல் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். நல்ல பனி. மரத்துக்குச் சற்று முன்னால், பக்கத்து ரோட்டிலிருந்து சாம்பல் ஏற்றிய லாரி ஒன்று திரும்பியது. யாழினி பிரேக்கைப் பிடிக்கக் கையை நீட்டினாள். எட்டவில்லை. உங்கள் கைக்கு வைத்த பிரேக் அல்லவா அது? விரல் வெறும் காற்றைப் பிடித்ததை என் கண்ணால் பார்த்தேன். ரோட்டோர மண்ணில் சரிந்து விழுந்தாள். டிரைவர் இறங்கி வந்து, "பிரேக் புடிக்கத் தெரியாத பொண்ணுக்கு இந்த வண்டி எதுக்கும்மா?" என்று கத்தினார். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அவள் எழுந்ததும் என்னைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தாள்.

சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றேன். "குடுத்துடு. அப்புறம் என்னையும் தேடாத" என்றாள். எப்படிப் பேசுகிறாள் பாருங்கள்.

அதனால்தான் அவள் பேச்சையும் மீறி முருகேசனைக் கூப்பிட்டு, ரிங்கையெல்லாம் கீழே போட்டு ஹேண்டில்பாரை உயர்த்தச் சொன்னேன். அவன் மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். ராட்சச மெஷினுக்கு போல்ட் முறுக்கிப் பழகிய கை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்கிற அந்தச் சின்னத் துண்டையும் அதே மாதிரி நினைத்துக்கொண்டான். போல்ட் சாவியின் வாலில் இரும்புப் பைப்பைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னடா சத்தம்?"

"சத்தம் வந்தாத்தான்க்கா டைட்டு. இனிமே மாமாவே வந்து புடிச்சி இழுத்தாலும் ஆடாது."

ஞாயிறு காலையில் அவள் கிளம்புவதற்கு முன் சைக்கிளைத் துடைத்தேன். ஸ்டெம்மின் முன்தகட்டில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் எடுத்தேன், வரவில்லை. அது முடி இல்லைங்க, விரிசல். அவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். ரோட்டில் போகிற வேகத்தில் ஹேண்டில்பார் கையோடு கழன்று வந்திருந்தால்? எதைத் தொட்டாலும் அந்த மரத்தடிக்கே கொண்டுபோய் விடுகிறதே, ஏங்க?

அன்று அவளைப் போகவிடவில்லை. கடலூர் போய் அளவு சொல்லி, பழையதைவிட நீளம் குறைந்த ஸ்டெம் வாங்கி வந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. உங்களுக்குச் சக்கரம் பிடித்தே எனக்கு வேலை தெரியும். ரிங்குகள் எல்லாவற்றையும் கீழே போட்டேன், ஸ்டெம்மை மாட்டினேன், மேல் மூடியை ஆட்டம் நிற்கிற அளவுக்கு மட்டும் திருகினேன். முன்சக்கரம் நகர்ந்துகொண்டே இருந்தது. ரூமுக்குள் முறைத்துக்கொண்டு கிடந்தவள் வெளியே வந்தாள். சக்கரத்தை முழங்காலில் இடுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, விரல் பலத்தில் முறுக்கினேன். பிறகு ஏறி உட்காரச் சொன்னேன். முழங்கை லேசாக மடங்கியது. விரல் பிரேக்கில் போய் உட்கார்ந்தது.

"எப்படிடி இருக்கு?"

"ரோடு நல்லா தெரியும்மா." பிரேக்கை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, "ரோடு மட்டுந்தான் தெரியும்" என்று அழுதாள். நானும் அழுதேன், ஆனால் எனக்கு அது நிம்மதி அழுகை.

அந்த நிம்மதியை நீங்கள் ஒரு வாரம்கூட விட்டுவைக்கவில்லை. போன ஞாயிறு போய்விட்டு வந்தாள். கழுத்து வலி இல்லை, விரல் மரக்கவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "மரத்துக்கிட்ட அப்பா நின்னுக்கிட்டு இருந்தாரும்மா. ஏன் மாத்துனீங்கன்னு கேட்டாரு."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை.

ஆமாங்க, மாற்றினேன். என்னைக் கேளுங்கள், பிள்ளையை ஏன் கேட்கிறீர்கள்? இனி அது உங்கள் சைக்கிள் இல்லை. நீங்கள் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். அது உயிரோடு இருக்கிறவளின் அளவுக்கு வைத்தது. அங்கே தனியாக இருக்க முடியவில்லையா? பேச்சுத்துணை வேண்டுமா? என்னைக் கூப்பிடுங்கள், அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன். அவளைக் கூப்பிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அவளை மட்டும் கூப்பிடாதீர்கள்.

வருகிற ஞாயிறும் அவள் வருவாள், தடுத்தால் நிற்கமாட்டாள். நானும் பின்னாலேயே வருவேன். சத்தியமாகச் சொல்கிறேன், மரத்தடியில் அவளுக்கும் உங்களுக்கும் நடுவில் வந்து நிற்பேன். குடும்பம் நடத்திய இத்தனை காலத்தில் உங்களை எதிர்த்து ஒரு நாளும் நின்றதில்லை. இதற்கு நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்