கடைசி ஆளின் காது

1993 ஆவணி, வியாழன் இரவு

இன்றும் ஐந்து பேர் தண்ணீரூற்றிலிருந்து பரந்தனுக்குச் சைக்கிள் ஓடினோம். சைக்கிள் போட்டிக்கு இன்னும் இரண்டு கிழமைதான். வரிசையில் முன்னுக்கு நின்று இழுப்பவரின் காதில் காற்று மட்டும்தான் இரையும். கடைசி ஆளுக்குக் காற்று அடிக்காது. அதனால் குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் சத்தத்தைக் கேட்டுக் கத்த வேண்டியது அவன். கத்தினால் எல்லோரும் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பற்றைக்குள் விழுந்து படுப்போம். இன்று கடைசி ஆள் நான்.

தருமபுரம் தாண்டியதும் கேட்டது. நன்றாகவே கேட்டது. மணிக்கூட்டைப் பார்த்தேன். முதல் தடவையாக இரண்டு மணித்தியாலத்துக்குள் பரந்தனைப் பிடித்துவிடலாம் போலிருந்தது. திங்களன்று நான் கத்தி எல்லோரும் விழுந்த பிறகு, வந்தது வெறும் உழவு இயந்திரம். எவ்வளவு சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டு மிதித்தேன்.

பொம்மர் எங்கள் தலைக்கு மேலால் தாழப் போனது. விழுந்து படுக்க நேரமே இருக்கவில்லை. அது குண்டு போடவில்லை, திரும்பி வரவும் இல்லை. நிற்காமல் பரந்தன் வரைக்கும் மிதித்தோம்.

அங்கே, முன்னுக்கு இழுத்து வந்த அந்தோனி அண்ணை கடலில் வலை இழுக்கிற கையால் என் தோளைப் பிடித்தார்.

"உனக்குக் கேக்கேல்லையோடா?"

"இல்லை அண்ணை."

"என்ர பிழைதான். முன்னுக்கு நிண்டு கண்டபடி இழுத்துப்போட்டன். உனக்கும் காத்து இரைஞ்சிருக்கும்."

நேரம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மணி ஐம்பத்தேழு நிமிடம்.

நாளைக்கும் என்னைத்தான் கடைசியில் விட்டிருக்கிறார்.